தோட்டத்திலிருந்து தொடர்மாடிக்கு: கொழும்பில் நாம் நடந்து வந்த வழி

(நீண்ட பதிவு. நேரம் உள்ளவர்கள் வாசியுங்கள். வரும் ஞாயிறு கூட்டத்துக்கு வருகிறவர்கள் கட்டாயம் வாசியுங்கள்.)

எமது ஒழுங்கைக்கு அளவை நாடாவுடன் நான்கு பேர் வந்து போய் மூன்று வாரமாகிறது. கதவு நிலைகளில் சிவப்பு மையால் இலக்கம் எழுதினார்கள். எத்தனை பேர், எத்தனை அடுப்பு, எத்தனை வருடம் என்று கேட்டார்கள். போகும்போது ஒரு படிவத்தைத் தந்து, "சம்மதம் என்று கையெழுத்துப் போட்டு வையுங்கள், விபரம் பிறகு வரும்" என்றார்கள். அறுபது சொச்சம் வீடுகள் இருக்கிற இந்தத் துண்டுக் காணியில் பல நூறு வீடுகள் கொண்ட தொடர்மாடி எழும்பப் போகிறதாம். அதில் எமக்கும் ஆளுக்கொரு வீடாம். மிச்ச வீடுகள் யாருக்கு என்று கேட்டபோது, அது மேலிடத்து விஷயம் என்றார்கள்.

அன்றிலிருந்து பள்ளிவாசல் முன்றலில் மூன்று கட்சி. கக்கூஸ் உள்ளே இருக்கிற வீடு கிடைத்தால் போதும், நாளைக்கே போகிறோம் என்பது ஒன்று. மையித்தாகத்தான் இந்த வீட்டை விட்டு வெளியே போவோம் என்பது இன்னொன்று. நடக்கிறது நடக்கட்டும் என்று டீக்கடையில் உட்கார்ந்திருப்பது மூன்றாவது. மூன்றிலும் எமது உறவினர் இருக்கிறார்கள். மூவரிடமும் நியாயமும் இருக்கிறது.

வகுப்பறையில் வரலாறு படிப்பிக்கிற எமக்குச் சட்டம் தெரியாது, பொறியியலும் தெரியாது. ஆனால் இந்த நகரத்தில் ஏழைகளை நெருக்கமாக வைத்ததும், நெருக்கமாக இருக்கிறார்கள் என்று குறை சொன்னதும், அதையே காரணம் காட்டிக் கிளப்பியதும் எப்படி நடந்தது என்று கொஞ்சம் தெரியும். அதை இங்கே எழுதி வைக்கிறோம்.

கொம்பனித்தெருவில் தொடங்குவோம். நாம் இருப்பது அங்கே அல்ல. ஆனால் கொழும்பில் ஒரு குடியிருப்பின் கதை முழுவதையும் ஒரே இடத்தில் பார்க்க வேண்டுமென்றால் அதைவிட நல்ல இடம் கிடையாது.

ஒல்லாந்தர் 1656இல் கொழும்பைப் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்தார்கள். ஆபிரிக்காவிலிருந்தும் ஆசியாவின் கரைகளிலிருந்தும் கொண்டுவந்த அடிமைகளைப் பகலில் கோட்டையில் வேலை வாங்கி, இரவில் பேரே வாவிக்கு அப்பால் கொண்டுபோய் விட்டார்கள். வாவியில் முதலைகள் இருந்ததால் காவலுக்குச் செலவில்லை என்று சொல்லப்படுவதுண்டு. ஆங்கிலத்தில் 'அடிமைத் தீவு' என்ற பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது. தமிழில் நாம் அந்தப் பெயரை எடுக்கவில்லை, கொம்பனித்தெரு என்றோம். சிங்களத்திலும் கொம்பனியின் பெயர்தான். ஆங்கிலத்திலும் இனி அதையே எழுதுவது என்று அரசாங்கம் முடிவெடுத்தது 2022இல்தான். ஒரு பெயரை மாற்ற இந்த நாட்டில் அவ்வளவு காலம் பிடிக்கிறது. ஒரு தெருவை மாற்ற ஒரு காலைப்பொழுது போதும்.

ஒல்லாந்தர் ஜாவாவிலிருந்தும் சுற்றுத் தீவுகளிலிருந்தும் நாடுகடத்தப்பட்ட பிரபுக்களையும் படைவீரர்களையும் இங்கே கொண்டுவந்தார்கள். எமது மலாய்ச் சகோதரர்களின் மூதாதையர் அவர்கள். வேகந்தைப் பள்ளிவாசலை எழுப்பியவர் பந்தான் பாலி என்ற ஜாவாக்காரர், வருடம் 1786. ஆங்கிலேயர் வந்த பிறகு மலாய் வீரர்கள் இலங்கை ரைபிள் படையில் சேர்ந்தார்கள். 1873இல் அந்தப் படை கலைக்கப்பட்டபோது பலர் பொலிசுக்கும் வேறு உத்தியோகங்களுக்கும் போனார்கள். குடும்பங்கள் அங்கேயே இருந்துவிட்டன. ஜாவா லேன், மலே வீதி, ரைபிள் வீதி என்று தெருப் பலகைகளில் இன்றும் அந்தப் படை நிற்கிறது. படை கலைவதற்கு முன், 1869இல், பாபா யூனுஸ் ஸல்தீன் கொழும்பிலிருந்து 'ஆலாமத் லங்காபுரி' என்ற மலாய்ப் பத்திரிகையை அரபு எழுத்தில் அச்சிட்டு வெளியிட்டார். சேரி என்று பின்னாளில் கோப்புகளில் எழுதப்பட்ட தெருக்களில் பத்திரிகை வாசித்த சனங்கள் இருந்தார்கள்.

அதற்குப் பிறகுதான் நெருக்கம் வந்தது. துறைமுகத்தின் அலைதாங்கிக்கு 1875இல் அடிக்கல் வைத்தார்கள், 1885இல் அந்தப் பெரிய வேலை முடிந்தது. கப்பல்கள் காலியை விட்டுக் கொழும்புக்கு வரத் தொடங்கின. கரி ஏற்ற, மூட்டை தூக்க, றெயில்வேயில் வேலை செய்ய ஆட்கள் தேவைப்பட்டார்கள். அதே காலத்தில் வசதியுள்ளவர்கள் கறுவாத்தோட்டப் பக்கம் பங்களா கட்டிக்கொண்டு போனார்கள். அவர்கள் விட்டுப்போன பழைய வளவுகளில், முன்பு மாமரமும் பலாவும் நின்ற இடத்தில், வரிசை வரிசையாக ஒற்றை அறைகள் எழும்பின. முதுகோடு முதுகு ஒட்டிய அறைகள். இருபது முப்பது அறைகளுக்கு ஒரு பைப், ஒரு வரிசைக் கக்கூஸ். வாடகை மட்டும் மாதாமாதம் தவறாமல் வாங்கப்பட்டது.

'தோட்டம்' என்ற சொல் இப்படித்தான் எமக்கு வந்தது. மலையகத்துப் பிள்ளைகள் தோட்டம் என்றால் தேயிலையை நினைப்பார்கள். கொழும்பில் தோட்டம் என்றால் மரமில்லாத தோட்டம். முகவரியில் அந்தச் சொல் இருந்தால் நேர்முகப் பரீட்சையில் ஒருவிதமாகப் பார்ப்பார்கள். ஆனால் அந்தத் தோட்டங்களை உண்டாக்கியவர்கள் அதில் இருந்தவர்கள் அல்ல. ஒரு வளவிலிருந்து எவ்வளவு வாடகை கறக்கலாம் என்று கணக்குப் போட்ட சொந்தக்காரர்கள். கூடுதல் பேரைக் குறைந்த நிலத்தில் இருத்துவது அன்றைக்கு ஆதாயம். குறைந்த நிலத்தில் கூடுதல் பேர் இருக்கிறார்கள் என்பது பின்னாளில் குற்றம்.

1915இல் வீடமைப்பு, நகர அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் வந்தது. தெரு அகலம், காற்றோட்டம், வடிகால் பற்றி விதிகள் வந்தன. பிறகு 1921இல் பேட்ரிக் கெடிஸ் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் கொழும்புக்கு ஒரு நகரத் திட்டம் எழுதிக் கொடுத்தார். கொழும்பைக் 'கிழக்கின் பூங்கா நகரம்' என்று சொல்லும்போது அவர் பெயரைத்தான் இழுப்பார்கள். கெடிஸ் இந்திய நகரங்களில் வேலை செய்தபோது சொன்ன முக்கியமான விஷயம் வேறொன்று. பழைய குடியிருப்புகளை முழுதாக இடித்து அகலத் தெரு போடுவதை அவர் எதிர்த்தார். நல்ல வைத்தியர் போலத் தேவையான இடத்தில் மட்டும் வெட்டி, மிச்சத்தைக் காப்பாற்ற வேண்டும் என்பது அவர் முறை. அவருடைய பூங்காவை எடுத்துக்கொண்டார்கள், வைத்தியத்தை விட்டுவிட்டார்கள். 1948இல் அபர்குரோம்பி வந்து இன்னொரு திட்டம் போட்டார். நகரத்தின் பாரத்தைச் சுற்றியுள்ள ஊர்களுக்குப் பிரித்து அனுப்புவது அதன் யோசனை. தோட்டத்து வரிசை அறைகள் இரண்டு திட்டங்களையும் தாண்டி அப்படியே நின்றன.

எழுபதுகளில் ஒரு மாற்றம் வந்தது. இதை எமது பிள்ளைகள் அறிந்திருப்பதில்லை, பெரியவர்களும் மறந்துவிட்டார்கள். 1972இல் வாடகைச் சட்டம். 1973இல் வீட்டு ஆதன உச்சவரம்புச் சட்டம். ஒருவர் இத்தனை வீடுகளுக்கு மேல் வைத்திருக்க முடியாது, மிஞ்சியவை வீடமைப்பு ஆணையாளரின் கைக்குப் போகும், குடியிருப்பவர் வாங்கலாம் என்று வந்தது. அதுவரை வாடகைக்காரராக இருந்த பல குடும்பங்கள் கொழும்பில் ஒரு அறைக்காவது உரித்துக் கேட்க முடிந்தது அதனால்தான். ஆனால் எல்லோரும் கடைசிக் கடதாசி வரை போகவில்லை. பணம் கட்டிய சிட்டை இருக்கும், உறுதி இருக்காது. வாப்பா பெயரில் தொடங்கியது வாப்பா மௌத்தானதோடு நின்றிருக்கும். எமது ஒழுங்கையிலும் அப்படி எத்தனை வீடு என்று ஒவ்வொருவரும் தங்கள் அலுமாரியைத் திறந்து பார்த்தால் தெரியும்.

அடுத்தது பிரேமதாசவின் காலம். 1978இல் ஒரு லட்சம் வீட்டுத் திட்டம், 1984இல் பத்து லட்சம் வீட்டுத் திட்டம். அவருடைய அரசியலைப் பற்றி எமக்குப் பல விமர்சனங்கள் உண்டு. எண்பதுகளின் கடைசி இந்த நாட்டுக்கு எப்படிப்பட்ட காலம் என்பதை மறந்துவிட்டு யாரையும் புகழ முடியாது. ஆனால் வீட்டு விஷயத்தில் அன்று நடந்த ஒன்றை நியாயமாகச் சொல்ல வேண்டும். வீடற்றோருக்கான சர்வதேச ஆண்டு ஒன்று வேண்டும் என்று 1980இல் ஐ.நா.வில் கேட்டவர் அவர். 1987 அப்படி அறிவிக்கப்பட்டது. அந்த வருடங்களில் அதிகாரிகள் தோட்டங்களுக்கு வந்து நிலத்தில் பாய் விரித்து உட்கார்ந்து, யாருடைய சுவர் எங்கே வரும், ஒழுங்கை எத்தனை அடி, பைப் எந்த மூலையில் என்று குடியிருப்பவர்களோடு சேர்ந்து முடிவெடுத்தார்கள். கிராண்ட்பாஸ் பக்கத்து நவகம்புர அதற்கு உதாரணமாக வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில்கூடப் பேசப்பட்டது. வழக்கமான கட்டட விதிப்படி அவ்வளவு சின்னத் துண்டில் வீடு கட்ட முடியாது. விதியைத் தளர்த்தி, ஒரு குடும்பத்துக்கு 2 பேர்ச்சஸ் என்று பிரித்தார்கள்.

2 பேர்ச்சஸ் என்றால் ஏறத்தாழ 544 சதுர அடி. சின்னதுதான். ஆனால் மேலே வானம் இருந்தது. கையில் காசு வரும்போது ஒரு பலகைத் தட்டு, பிறகு கொங்கிறீட் தட்டு, மகளுக்குக் கலியாணம் பேசும்போது மேலே ஒரு அறை. கொழும்பில் மகளைக் கட்டிக்கொடுத்து மருமகனை வீட்டோடு வைத்துக்கொள்கிற எமது வழக்கத்துக்கு அந்த இரண்டு பேர்ச்சஸ் ஈடுகொடுத்தது. அன்றும் எல்லோருக்கும் உறுதி கிடைக்கவில்லை, பலருக்கு ஓர் அட்டையோ அனுமதிப்பத்திரமோதான். அந்தக் குறை முப்பது வருடம் கழித்துத்தான் கடித்தது.

தொண்ணூறுகளின் கடைசியில் பேச்சு மாறியது. நிலத்தின் விலை ஏறிவிட்டது. ஏழைகள் இருக்கிற காணியை விடுவித்து வர்த்தகத்துக்குக் கொடுத்தால், அந்தப் பணத்திலேயே அவர்களுக்கு மாடி வீடு கட்டிவிடலாம் என்ற யோசனை 1998இல் திட்டமாக வந்தது. அதில் எழும்பியதுதான் வனாத்தமுல்லைப் பக்கத்து சஹஸ்புர. 671 வீடுகள், 2001இல் சனங்கள் குடிபுகுந்தார்கள். ஏழைகளுக்காகக் கட்டப்பட்ட முதலாவது உயர்ந்த தொடர்மாடி என்று அதைச் சொல்லலாம். அன்று அங்கே போனவர்கள் பட்டதையெல்லாம் கவனமாகக் கேட்டிருந்தால் பிறகு வந்தவர்கள் தப்பியிருப்பார்கள்.

போர் முடிந்த மறு வருடம், 2010இல், நகர அபிவிருத்தி அதிகார சபை பாதுகாப்பு அமைச்சின் கீழ் கொண்டுவரப்பட்டது. வீடு, வடிகால், தெருவிளக்குப் பற்றிய வேலை பாதுகாப்பு அமைச்சின் கையில்! அந்த வருடம் மே மாதம் கொம்பனித்தெரு மியூஸ் வீதியில், படையினரும் பொலிசாரும் நிற்க, வீடுகள் இடித்துத் தள்ளப்பட்டன. வரிப்பணம் கட்டி, மின்சாரச் சிட்டை வைத்து, வாக்காளர் இடாப்பில் பெயர் பதிந்து தலைமுறையாக இருந்தவர்களும் அதில் இருந்தார்கள். அவர்கள் உயர் நீதிமன்றம் வரை போனார்கள். அதன் பிறகு ஜாவா லேன், கிளெனி வீதிப் பக்கம். இந்தியாவின் டாட்டா ஹவுசிங் நிறுவனத்தோடு செய்துகொண்ட திட்டத்துக்காக அந்தக் காணி சுவீகரிக்கப்பட்டது. அங்கே உறுதிக்காரர்களும் இருந்தார்கள். இதே இடத்தில் வீடு தருகிறோம், அதுவரை வாடகைக்கு இருங்கள் என்று காசு கொடுத்து அனுப்பினார்கள். போனவர்கள் வருடக்கணக்கில் வாடகை வீடுகளில் இருந்தார்கள். ஒரு மலாய்க் குடும்பம் தெஹிவளைக்கு, ஒன்று வத்தளைக்கு, ஒன்று மாளிகாவத்தைக்கு என்று சிதறினால், மலாய் பேசுகிற தெரு என்று ஒன்று பிறகு எங்கே இருக்கும்?

நகரப் புத்தெழுச்சித் திட்டத்தின் கணக்குப்படி கொழும்பில் 68,812 குடும்பங்கள் இடமாற்றப்பட வேண்டியவை. நகரத்தின் பாதிக்கு மேற்பட்ட சனம் நூற்றுக்கு ஒன்பது வீத நிலத்தில் இருக்கிறது என்று அவர்களே எழுதினார்கள். இந்தக் கணக்கை ஒருமுறை நின்று யோசியுங்கள். பாதிப் பேர் ஒன்பது வீத நிலத்தில் இருக்கிறார்கள் என்றால், மற்றப் பாதி எவ்வளவு நிலத்தில் இருக்கிறது? நிலத்தை வீணாக்குவது யார்? ஆனால் முடிவு என்னவோ, அந்த ஒன்பது வீதத்திலிருந்தும் கொஞ்சம் எடுக்கலாம் என்பதுதான்.

ஆரம்பத்தில் கட்டிய மாடி வீடுகள் 400 சதுர அடி அளவு. ஒன்றரைப் பேர்ச்சஸுக்கும் குறைவு, மேலே வானமும் இல்லை. அதுவும் இனாம் அல்ல. பல குடும்பங்களிடம் 1 லட்சம் ரூபா முன்பணமும், பிறகு 20, 30 வருடங்களுக்கு மாதம் 2,650 ரூபாவிலிருந்து நாலாயிரத்துக்குக் கிட்டத் தவணையும் கேட்டார்கள். மொத்தம் பத்து லட்சம் அளவில் போகும். சொந்த வீட்டை இழந்தவர், இழந்ததற்கு நட்டஈடு வாங்குவதற்குப் பதிலாகப் புதிய வீட்டுக்குத் தவணை கட்டினார். உறுதி எப்போது என்றால், தவணை முடிந்த பிறகு.

சிங்கப்பூரைப் பாருங்கள் என்பார்கள், எமது ஆட்களும் சொல்கிறார்கள். பார்ப்போமே. அங்கே வீடமைப்புச் சபை 1960இல் தொடங்கியது. மறு வருடம் புக்கிட் ஹோ ஸ்வீ என்ற குடிசைப் பகுதி தீயில் அழிந்தபோது, வீடிழந்தவர்களுக்கு அந்த இடத்திலேயே வேகமாக அடுக்குமாடி கட்டினார்கள். 1964இல் சனங்கள் வீட்டை வாங்கும் திட்டம் வந்தது. கடுமையான கை அது, சட்டமும் கடுமை. ஆனால் அங்கே மாடிக்குப் போனது ஏழைகள் மட்டுமல்ல, நாட்டின் பெரும்பான்மையே. ஆசிரியரும் கிளாக்கரும் ஒரே லிப்டில் ஏறினால் லிப்ட் பழுதாகிக் கிடக்காது. கொழும்பில் இரண்டு வகை மாடி இருக்கிறது, ஒன்றில் நீச்சல் குளம், மற்றதில் தண்ணீர் மோட்டர் எப்போது வேலை செய்யும் என்ற காத்திருப்பு.

இனி எமது ஆட்களின் பயங்களைப் பற்றி. இவற்றை அறியாமை என்று சொல்லித் தட்டிவிடுகிறார்கள். நாம் ஒவ்வொரு வீட்டுத் திண்ணையிலும் உட்கார்ந்து கேட்டோம்.

பெண்களிடமிருந்து தொடங்க வேண்டும். அவர்கள்தான் முதலில் போகலாம் என்றும் சொன்னார்கள். பொதுக் கக்கூசுக்கு இரவில் ஒரு பிள்ளையைத் துணைக்கு எழுப்பிக்கொண்டு போவது என்னவென்று ஆண்களுக்குத் தெரியாது. உள்ளே தாழ்ப்பாள் போடுகிற குளியலறை என்பது சின்ன ஆசை இல்லை. மழை வந்தால் மெத்தையைத் தூக்கிக் கட்டிலின் மேல் வைக்காத வீடும் அப்படித்தான். மாடியை எதிர்க்கிறவர்கள் இதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் பேசினால் பாதி ஒழுங்கை எம்மோடு வராது. ஆனால் அதே பெண்கள் அடுத்த மூச்சில், இடியப்பம் எங்கே அவிப்பது என்று கேட்டார்கள். எமது ஒழுங்கையில் சுபஹுக்கு முன் அடுப்பு மூட்டிக் கடைகளுக்கு இடியப்பம் கொடுக்கிற வீடுகள் பல. பகல் சோற்றுப் பார்சல் கட்டுகிறவர்கள், தையல் மெஷின் வைத்திருக்கிறவர்கள், வாசலில் ஒரு பெட்டியில் ரொபியும் பென்சிலும் விற்கிற மூத்தம்மா. தெருவோடு ஒட்டிய கதவுதான் இவர்களுடைய கடை. பதினோராம் மாடிக் கதவைத் தட்டி யாரும் இடியப்பம் வாங்குவதில்லை. முச்சக்கர வண்டிக்காரர் வண்டியை எங்கே விடுவார் என்ற கேள்வியும் இதோடு சேர்ந்தது.

மையித்து விஷயத்தை வயதானவர்கள்தான் கேட்டார்கள். சந்தூக்கை நீட்டாக வைக்க முடியாத லிப்டாக இருந்தால் படிக்கட்டு வழியே இறக்க வேண்டும். பன்னிரண்டு மாடி, ஒவ்வொரு வளைவிலும் சரித்துத் திருப்ப வேண்டும். குளிப்பாட்ட இடம், பார்க்க வருகிறவர்கள் நிற்க இடம் என்று ஒன்றையும் வரைபடத்தில் நாம் காணவில்லை. கீழ்த்தளத்தில் ஒரு மண்டபமும், சந்தூக்கோ ஸ்ட்ரெச்சரோ படுக்கையாகப் போகக்கூடிய ஒரு லிப்டும் கேட்பது பெரிய கோரிக்கை அல்ல. சிங்களக் குடும்பங்களுக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கும் இதே தேவைதான். அவர்கள் பெட்டியை இரண்டு மூன்று நாள் வைத்திருப்பவர்கள், அவர்களுக்கு இன்னும் கூடுதலாகவே தேவை.

லிப்ட் பற்றிய பயம் கற்பனை என்று சொல்பவர்களுக்கு 2022 மார்ச்சை ஞாபகப்படுத்துகிறோம். அந்த மாதக் கடைசியில் நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு. காஸ் சிலிண்டரும் இல்லை. ஒழுங்கையில் இருந்த நாம் மூன்று கல் வைத்து விறகு எரித்தோம். மாடியில் இருந்தவர்கள் விறகும் எரிக்க முடியாமல், தண்ணீரை வாளியில் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். அதற்கு முன் 2020 கடைசியில் கொரோனாவுக்காகத் தொடர்மாடிகளை மொத்தமாக மூடி வாரக்கணக்கில் வைத்ததையும் யாரும் மறந்திருக்க முடியாது.

பாடசாலை விஷயத்தை இந்தப் படிவத்தோடு யாரும் சேர்த்துப் பார்ப்பதில்லை. அதைச் சொல்ல வேண்டியது எமது கடமை. தரம் 1 அனுமதிக்குப் புள்ளி போடும்போது, பாடசாலைக்கு அருகில் இருப்போர் என்ற பிரிவில் வாக்காளர் இடாப்பில் தொடர்ந்து எத்தனை வருடம் பெயர் இருக்கிறது, வீட்டுக்கு என்ன ஆவணம் இருக்கிறது என்று பார்ப்பார்கள். கட்டட வேலை முடியும்வரை வாடகைக்குப் போய் இருங்கள் என்று உங்களை இரண்டு மூன்று வருடம் வெளியே அனுப்பினால், இடாப்பில் பெயர் அறும். திரும்பி வந்தாலும் கையில் உறுதி இல்லை, ஒதுக்கீட்டுக் கடிதம்தான். இன்று மூன்று வயதாக இருக்கிற பிள்ளை அப்போது பாடசாலை வாசலில் நிற்கும். படிப்பிக்கிற எமக்கு இது பலமுறை கண்ட காட்சி. தவறு தாய் தகப்பனுடையதும் அல்ல, பிள்ளையினுடையதும் அல்ல. ஆனால் புள்ளி வராது. வெளியே இருக்கிற காலத்தையும் இதே முகவரியில் இருந்ததாகக் கணக்கெடுப்போம் என்ற எழுத்து எமக்கு முதலே வேண்டும்.

சட்டத்தில் எமக்கு என்ன இருக்கிறது? தெரிந்தவர்களிடம் கேட்டு விளங்கிக்கொண்டதை மட்டும் சொல்கிறோம். ஞாயிறன்று ஒரு சட்டத்தரணி வருகிறார், அவரிடம் சரிபார்த்துக்கொள்ளலாம். காணி சுவீகரிப்புச் சட்டம் 1950ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கம். அதில் 2ஆம் பிரிவு அறிவித்தல் என்றால், இந்தப் பகுதியில் காணி தேவைப்படுகிறது, அளக்கப் போகிறோம் என்று அர்த்தம். 4ஆம் பிரிவு அறிவித்தல் வந்தால் எழுத்தில் ஆட்சேபம் தெரிவிக்கலாம். அதில் குறித்த தவணைக்குள் கொடுக்க வேண்டும். 38ஆம் பிரிவின் கீழ் 'அவசரம்' என்று சொல்லி உடனே கையேற்கும் வழியும் உண்டு. எமக்கு இதுவரை எந்த அறிவித்தலும் வரவில்லை. வந்தது ஒரு சம்மதப் படிவம் மட்டும். சம்மதம் கொடுத்துவிட்டால் ஆட்சேபத்துக்கு என்ன வேலை என்பதை யோசியுங்கள்.

2001 மே மாதம் அமைச்சரவை ஏற்றுக்கொண்ட தேசிய மீள்குடியேற்றக் கொள்கை ஒன்று இருக்கிறது. விருப்பமின்றி இடம்பெயர்க்கப்படுகிறவர்களோடு முன்கூட்டியே கலந்து பேச வேண்டும், இழந்ததை மீண்டும் உண்டாக்கப் போதுமான பெறுமதி கொடுக்க வேண்டும், உறுதி இல்லாதவர்களையும் நியாயமாக நடத்த வேண்டும் என்று அதில் இருக்கிறது. தெற்கு அதிவேகப் பாதைக்குக் காணி எடுத்தபோது காணிக்காரரையும் கூப்பிட்டு மேசையில் உட்கார்த்தித் தொகை பேசும் குழுக்கள் இருந்தன. வெளிநாட்டு வங்கியின் கடன் இருந்ததால் அந்த மரியாதை கிடைத்தது என்று சொல்பவர்களும் உண்டு. காலியில் தென்னந்தோப்புக்காரருக்குக் கிடைத்த நாற்காலி கொழும்பில் தோட்டத்துக்காரருக்கும் கிடைக்க வேண்டும் என்றுதான் கேட்கிறோம்.

தொடர்மாடி வீடுகளின் உடைமைக்கும் சட்டம் இருக்கிறது, 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கம். மாடியில் இருக்கிற ஒரு வீட்டுக்கும் தனி உறுதி எழுத முடியும். ஆகவே "மாடி வீட்டுக்கு உறுதி கிடையாது" என்று படிவக்காரர் ஒருவர் எமது பக்கத்து வீட்டில் சொன்னது சரியல்ல. எந்தத் திகதிக்கு, யார் செலவில், எந்தப் பெயரில் என்பதுதான் கேள்வி. கணவன் மனைவி இருவர் பெயரிலும் எழுதலாமா என்று ஒரு சகோதரி கேட்டார். நல்ல கேள்வி, அதையும் பட்டியலில் சேர்த்திருக்கிறோம்.

நாம் மாடிக்கு எதிரி இல்லை. எமது ஒழுங்கையிலேயே மூன்று தட்டு வீடுகள் இருக்கின்றன, யாரும் கையெழுத்து வாங்காமல் நாமே கட்டியவை. எமது காணியில் எமக்கு ஒதுக்கியது போக மிஞ்சும் அத்தனை வீடுகளையும் யார் விற்பார்கள், யார் வாங்குவார்கள், அந்தப் பணத்தில் எமது பராமரிப்புச் செலவுக்கு ஒரு சதமாவது ஒதுக்குவார்களா என்று கேட்கிறோம். எத்தனை மாடி, எத்தனை லிப்ட், வடிகாலும் தண்ணீர்க் குழாயும் இப்போதிருக்கிற அளவிலேயே பல நூறு வீட்டையும் தாங்குமா, ஒழுங்கையின் ஒரே வாசலால் தீயணைப்பு வண்டி வருமா என்று கேட்கிறோம். பக்கத்துத் தெரு மாடி வீட்டுக்காரர்கள், "இவர்களையெல்லாம் இங்கேயே வைத்துக் கட்டினால் எங்கள் வீட்டு விலை விழும்" என்று ஒரு கடிதம் கொடுத்திருப்பதாகவும் கேள்வி. அவர்களும் அச்சத்தில் இருக்கிறார்கள். வாகன நெரிசல், வடிகால் பற்றிய அவர்களுடைய கேள்விகள் எமதும்தான். விலையைப் பற்றிய கேள்வி மட்டும் அவர்களோடு இருக்கட்டும்.

ஞாயிறு அஸர் தொழுகைக்குப் பிறகு, மத்ரஸாக் கீழ்த்தளத்தில் கூடுகிறோம். சிங்கள, தமிழ்க் குடும்பங்களுக்கும் சொல்லியாகிவிட்டது. பழைய பெட்டிகளைத் திறந்து பாருங்கள். மாநகர சபை வரிச் சிட்டை, தண்ணீர், மின்சாரச் சிட்டை, வாக்காளர் இடாப்புப் பிரதி, வீடமைப்புத் திணைக்களத்துக்குப் பணம் கட்டிய துண்டு, எண்பதுகளில் கொடுத்த அட்டை, வாப்பாமாரின் மௌத்துச் சான்றிதழ், எதையும் வீசாதீர்கள். மூலப்பிரதியை யாரிடமும் கொடுக்க வேண்டாம், போட்டோப் பிரதி எடுத்து வாருங்கள். பஸார் முனையில் இருக்கிற தம்பி பாதி விலைக்கு எடுத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். படிவத்தில் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டவர்களும் கூச்சப்படாமல் வாருங்கள், அதையும் சட்டத்தரணியிடம் காட்டலாம். பெண்களுக்குத் தனி இடம் இருக்கிறது. அளவை நாடா வந்த நேரத்தில் வீட்டில் இருந்து பதில் சொன்னவர்கள் நீங்கள்தான். அவர்கள் என்ன கேட்டார்கள், என்ன எழுதிக்கொண்டார்கள் என்பது உங்களுக்குத்தான் தெரியும்.